பல்லாவரத்துக் கல்லும் கொல்கத்தா ஆலயமும்

கங்கை கொணர்ந்து சேர்த்த வண்டல் மண்மீது அமைந்தது கொல்கத்தா நகரம். எத்துணை ஆழம் தோண்டினும் அங்கே களிமண்ணும் மணலுமே வெளிப்படும். ஆதலின் அந்நகரத்து மாளிகைகள் செங்கல்லையும் சுண்ணாம்பையும் நம்பியே எழுந்தன. 1787ஆம் ஆண்டில் புனித யோவான் ஆலயம் கட்டி முடிக்கப்பெற்றபோது, வங்க மக்கள் அதனைப் 'பாத்துரே கீர்ஜா', அதாவது கற்கோயில், என்று அழைத்தமைக்குக் காரணம் இதுவே.

ஆளுநர் மாளிகைக்கு அண்மையில் உள்ள அவ்வாலயத்திற்கு நிலம் அளித்தவர் மகாராஜா நவகிருஷ்ண தேவ். வரைபடம் வகுத்தவர் ஜேம்ஸ் ஆக் என்னும் படைப்பிரிவுப் பொறியாளர். கல் வந்த இடமோ, வங்கச் சுல்தான்களின் தலைநகராய் விளங்கிப் பாழ்பட்டுக் கிடந்த கௌர் நகரம். அங்குள்ள சிதைவுகளைப் பெயர்த்துப் படகேற்றிக் கொணர்ந்தனர். ஆலயத்தின் நீலச் சாம்பல் நிறச் சலவைக்கல் தரையும் கௌரிலிருந்து வந்ததே. ஒரு கோயிலை எழுப்பப் பழந்தலைநகர் ஒன்றைக் குலைத்தனர் என்பதை நாம் மறைத்துப் பேச வேண்டுவதில்லை.

பெயரளவில் கற்கோயிலாயினும் இது செங்கல்லும் கல்லும் கலந்த கட்டடமே. செங்கல்லுக்குப் பகை நீர். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சும். அந்நீரோடு உப்பும் ஏறும். நீர் ஆவியாகி நீங்கினும் உப்பு நீங்காது. சாந்தின் அடியிலே படிகமாய் இறுகிப் பருத்து, மேற்பூச்சைப் பொருக்குப் பொருக்காய்த் தள்ளிவிடும். போதாக்குறைக்கு, பறவை இட்ட ஓர் ஆலவிதை வெடிப்பிலே முளைத்துவிட்டால் அதன் வேர் சுவரையே பிளந்துவிடும்.

இதற்குப் பரிகாரமென்று சிமெண்டைப் பூசுவோர் பலர். அது நோயினும் கொடிய மருந்து. சுண்ணாம்புச் சாந்தில் நுண்துளைகள் மிகுதி. சுவரின் ஈரம் அவற்றின் வழியே வெளியேறும். சிமெண்டோ அவ்வழியை அடைத்துவிடும். உள்ளே சிறைப்பட்ட ஈரம் செங்கல்லையே அரிக்கும். பழஞ்சுவருக்குச் சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த பழஞ்சாந்தே தக்கது. கடுக்காய்நீரும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்த நம் கொத்தனார்கள் இதனை நன்கறிவர்.

அவ்வளாகத்தினுள்ளே ஆலயத்தினும் பழைமையான ஓர் எண்கோண மண்டபம் உண்டு. கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை அது. 1695ஆம் ஆண்டளவில் அவர் மருமகன் சார்லஸ் அயர் எழுப்பியது. இலத்தீன் மொழியில் பொறித்த கல்வெட்டு, அவர் இறந்த நாளை 1692 சனவரி 10 என்கிறது. அக்காலத்து ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச்சு 25இல் பிறந்தமையால், இன்றைய கணக்கில் அது 1693. கொல்கத்தாவை நிறுவியவர் என்று அவரைக் கொள்ளலாகாது எனக் கொல்கத்தா உயர்நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. கல்லறையின் பெருமைக்கு அதனால் குறைவில்லை, அப்பெருமை கல்லினுடையது.

அந்தக் கருங்கல் சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்திலிருந்து கடல்வழியே சென்றது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்டு 1893இல் அக்கல்லை ஆராய்ந்து, கல்லறைக்குரியவர் பெயரால் 'சார்னக்கைட்' என்று பெயரிட்டார். இன்று உலகெங்கும் புவியியலார் அப்பெயரையே வழங்குகின்றனர். பிறந்த ஊரின் பெயர் அதற்கு வாய்க்கவில்லை! பூமியின் ஆழத்தில் பெருவெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறை அது. நுண்துளைகள் மிகக் குறைவாதலின் நீரும் உப்பும் உட்புகுதல் அரிது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் எழுத்துகளைப் படிக்க இயலுவது அதனாலேயே. சூழ்ந்துள்ள சாந்துச் சுவருக்கு அவ்வுறுதி இல்லை; அதனைக் காலந்தோறும் புதுக்கியாக வேண்டும்.

கொல்கத்தாவில் வாழும் தமிழன்பர்கள் ஒருமுறை அங்கே சென்று அக்கல்லைக் காண்பார்களாக. தாயகம் திரும்புங்கால் பல்லாவரம், திரிசூலம் பக்கமும் சென்று பார்க்கலாம். அக்குன்றுகளைச் சல்லிக்காக வெடிவைத்துத் தகர்த்த பள்ளங்களில் மழைநீர் தேங்கி நிற்கிறது. அருகே பரங்கிமலையில் உள்ள அப்பாறையைப் புவியியல் ஆய்வுத்துறை தேசியச் சின்னமாக அறிவித்திருக்கிறது.