கோட்டைக்குள் பூட்டிக் கிடந்த வரைகலை

தொழில்நுட்பப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களிடம், எந்தப் பாடம் கடினம் என்று கேட்டுப் பாருங்கள். கணக்கு என்பார் சிலர். இயற்பியல் என்பார் சிலர். பொறியியல் வரைபடம் என்று சொல்லிப் பெருமூச்சு விடுவோரும் இருப்பர். "எனக்குக் கை வராது, ஐயா! படம் வரைவதெல்லாம் பிறவியிலேயே அமைய வேண்டும்" என்பது அவர்கள் கூறும் காரணம்.

இக்காரணம் சரிதானா? வரைபடம் என்பது கையின் திறமையா, அறிவின் திறமையா? இவ்வினாவுக்கு விடை தேட, 250 ஆண்டுகளுக்கு முன் பிரான்சு நாட்டில் வரைபலகையின் முன் அமர்ந்திருந்த ஓர் இளைஞரின் வரலாற்றைப் பார்ப்போம்.

தாளுக்கு இரண்டு, பொருளுக்கு மூன்று

தாளுக்கு நீளமும் அகலமும் மட்டுமே உண்டு. பொருள்களுக்கோ நீளம், அகலம், உயரம் என மூன்று அளவுகள். மூன்றை இரண்டில் அடக்குவது எப்படி? வரைபடக் கலையின் சிக்கல் முழுவதும் இதுதான்.

15ஆம் நூற்றாண்டில் இத்தாலிய ஓவியர்கள் இதற்கு ஒரு விடை கண்டனர். தொலைவில் உள்ளவை சிறுத்தும் அருகில் உள்ளவை பெருத்தும் தோன்றுமாறு வரைந்தனர். கண்ணுக்கு அது உண்மைபோலவே தோன்றியது. ஆனால் அப்படத்தில் அளவுகோலை வைத்து ஒரு தூணின் உயரத்தை அளந்தால் சரியான விடை வராது. கண்ணுக்கு விருந்தாகும் அப்படத்தைக்கொண்டு கொத்தனார் கட்டடம் எழுப்ப இயலாது.

கல்தச்சரும் மரத்தச்சரும் வேறு வழியைக் கையாண்டனர். மேலிருந்து பார்த்தால் தெரியும் வடிவத்தை ஒன்றாகவும், முன்னிருந்து பார்த்தால் தெரியும் வடிவத்தை மற்றொன்றாகவும் வரைந்தனர். இப்படங்களிலிருந்து அளவெடுக்கலாம். ஆயினும் வளைவுக்கு ஒரு முறை, கூரைக்கு ஒரு முறை, படிக்கட்டுக்கு ஒரு முறை என்று தனித்தனியே கற்க வேண்டியிருந்தது. ஆசானிடமிருந்து சீடனுக்குச் சென்ற இம்முறைகளுக்குப் பொதுவான காரணம் சொல்பவர் அரிது.

வணிகர் மகன்

அப்பொதுக் காரணத்தைக் கண்டவர் காஸ்பார் மோன்ழ். 1746-இல் பர்கண்டிப் பகுதியில் உள்ள போன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை சிறு வணிகர். பிள்ளைகளின் கல்வியில் அவர் மிகுந்த அக்கறை காட்டினார். மோன்ழ் படிப்பில் சிறந்து விளங்கி, லியோன் நகரக் கல்லூரியில் 17 வயதிலேயே இயற்பியல் கற்பிக்கத் தொடங்கினார்.

1764-இல் ஊர் திரும்பியபோது, போன் நகரின் வரைபடம் ஒன்றைத் தயாரித்தார். அளப்பதற்கு வேண்டிய கருவிகளையும் தாமே செய்துகொண்டார். அந்தப் படம் ஒரு படை அதிகாரியின் கண்ணில் பட்டது. மெசியேர் நகரில் அரசின் இராணுவப் பொறியியல் பள்ளி ஒன்று இருந்தது. இத்தகைய இளைஞர் அங்கே பயன்படுவார் என்று அவர் பரிந்துரைத்தார்.

மோன்ழ் மகிழ்ச்சியோடு சென்றார். ஆனால் அங்கே ஒரு கதவு அவருக்கு அடைக்கப்பட்டிருந்தது. அதிகாரிகளாகும் மாணவர் வரிசையில் சேர உயர்குடிப் பிறப்பு வேண்டும். வணிகர் மகனுக்குக் கிடைத்த இடம், படங்கள் வரையும், சாந்தினால் கட்டட மாதிரிகள் செய்யும் பட்டறைதான். அவர் தீட்டிய கோடுகளின் நேர்த்தியைப் பாராட்டினார்கள். அந்தக் கோடுகளுக்குப் பின்னால் இயங்கிய மூளையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

"இவ்வளவு விரைவிலா?"

ஒருநாள் அவரிடம் ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டது. ஒரு கோட்டை கட்ட வேண்டும். சுற்றிலும் மேடுகள். எதிரி எந்த மேட்டில் நின்றாலும் கோட்டையின் உட்புறத்தைப் பார்க்கவோ சுடவோ முடியாதபடி சுவர்கள் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? அக்காலத்தில் இதற்கு எண்ணற்ற அளவுகளை எடுத்து நீண்ட கணக்குப் போடுவார்கள்.

மோன்ழ் கணக்குப் போடவில்லை, படம் போட்டார். காக்க வேண்டிய இடத்திலிருந்து எழுந்து, சுற்றியுள்ள மேடுகளின் உச்சியைத் தொட்டுச் செல்லும் ஒரு சாய்தளத்தைக் கற்பனை செய்யுங்கள். எதிரி நிற்கும் நிலமெல்லாம் அத்தளத்துக்கு மேலே போகாது. கோட்டைச் சுவர் அத்தளத்தை எட்டும்வரை உயர்ந்தால் போதும்; எதிரியின் பார்வை சுவரில் முட்டி நின்றுவிடும். அச்சாய்தளத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டு தாளில் கண்டுபிடித்தார் மோன்ழ்.

விடையைக் கொண்டுபோனபோது மேலதிகாரி அதைப் பார்க்கவே மறுத்தார். இவ்வளவு குறுகிய நேரத்தில் கணக்கை முடித்திருக்கவே முடியாது என்பது அவர் வாதம். மோன்ழ் விடாமல் வற்புறுத்தினார். இறுதியில் சரிபார்த்தார்கள். விடை சரியாக இருந்தது! பட்டறையில் இருந்தவர் கற்பிக்கும் இடத்துக்கு உயர்ந்தார். 1769-இல் அப்பள்ளியின் கணிதப் பேராசிரியர் பொறுப்பையே ஏற்றார்.

உங்கள் வீட்டு மூலையில் சோதனை

மோன்ழின் முறை எத்தகையது? உங்கள் அறையின் மூலைக்குச் செல்லுங்கள். தரையைக் கிடைத்தளம் என்றும், எதிர்ச்சுவரைச் செங்குத்துத்தளம் என்றும் கொள்ளுங்கள். காற்றில் ஒரு புள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து தரைக்கு நேராக ஒரு கோடு இறக்கினால் ஓரிடத்தில் படும். சுவருக்கு நேராக ஒரு கோடு நீட்டினால் வேறோரிடத்தில் படும். இவ்விரண்டு இடங்களும் தெரிந்தால், காற்றில் உள்ள புள்ளி எங்கே என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும்.

இப்போது சுவரும் தரையும் கூடும் கோட்டைக் கீல் என்று எண்ணி, சுவரைப் பின்னே மடக்கித் தரையோடு தரையாக விரித்துவிடுங்கள். இரண்டு தளங்களும் ஒரே தாளாகிவிட்டன. தாளில் கீழே மேல்தோற்றம், மேலே முன்தோற்றம். நம் மாணவர்கள் வகுப்பில் வரையும் படம் இதுவே.

இதனால் என்ன பயன்? அறையில் ஓர் ஏணி சாய்ந்திருக்கிறது. அதைத் தொடாமலே அதன் நீளத்தைக் காண வேண்டும். மேல்தோற்றத்தில் அதன் நீளம் 3 அடி. முன்தோற்றத்தில் அதன் இரு முனைகளுக்கும் இடையே உயர வேறுபாடு 4 அடி. இவ்விரண்டையும் செங்கோணத்தில் வரைந்து முனைகளை இணையுங்கள். இணைக்கும் கோடு 5 அடி. ஏணியின் உண்மை நீளம் அதுவே!

ஏணிக்குப் பொருந்தும் இவ்விதி கூரைச் சட்டத்துக்கும், கல்வளைவுக்கும், எந்திர உறுப்புக்கும் பொருந்தும். தச்சருக்கு ஒன்று, கொத்தருக்கு ஒன்று என்றிருந்த முறைகளெல்லாம் ஒரே அறிவியலாயின. விளக்க வடிவ கணிதம் என்பது அதன் பெயர்.

பூட்டும் திறப்பும்

இந்த அறிவியல் உடனே உலகெங்கும் பரவியிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. கோட்டை கட்டும் கலைக்கு உதவுவதால் இதை இராணுவ இரகசியமாக்கிவிட்டனர். கண்டுபிடித்தவரே அதை வெளியில் சொல்லக் கூடாது! ஏறத்தாழ 30 ஆண்டுகள் அது பள்ளிச் சுவர்களுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. வெளியே இருந்த தச்சர் மகனுக்கும் கொல்லர் மகனுக்கும் அது எட்டாக்கனியாக இருந்தது.

1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 1794-இல் பாரிசில் புதிய பொறியியல் பள்ளி ஒன்று நிறுவப்பட்டது. மறுஆண்டே எக்கோல் பாலிடெக்னிக் என்று பெயர் மாற்றம் பெற்ற அப்பள்ளியை உருவாக்கியவர்களுள் மோன்ழ் முதன்மையானவர். குடிப்பிறப்பு பார்க்காமல் தேர்வு வைத்து மாணவர்களைச் சேர்த்தனர். 20 பேர் கொண்ட குழுக்களாக அவர்களைப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் முன்னரே பயிற்சி பெற்ற ஒருவரைத் தலைவராக அமர்த்தினர். பாடத்தைக் கேட்டுவிட்டுப் போவதல்ல. கேட்டதை அன்றன்றே வரைபலகையில் தாமே வரைந்து பார்க்க வேண்டும்.

1795-இல் பாரிசு எக்கோல் நார்மால் பள்ளியில், ஆசிரியர்களாகப் போகும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் மோன்ழ் இக்கலையை வெளிப்படையாக விரித்துரைத்தார். அவ்வுரைகள் அச்சாயின. நாட்டின் தொழில்கள் வளர வேண்டுமானால் துல்லியமாக வரையவும், வரைந்ததைப் படிக்கவும் தொழிலாளர் அறிந்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1816-இல் குளோத் குரோசே என்னும் பாலிடெக்னிக் மாணவர் அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் பள்ளிக்கு இக்கலையைக் கொண்டு சென்றார். 1821-இல் ஆங்கிலத்தில் நூலும் எழுதினார்.

மோன்ழ் நெப்போலியனின் நண்பர். ஆகவே நெப்போலியன் வீழ்ந்ததும் அவருக்கும் துன்பம் வந்தது. 1816-இல் அறிவியல் கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். 1818-இல் அவர் இறந்தபோது, பாலிடெக்னிக் மாணவர்கள் இறுதி ஊர்வலத்தில் கலந்துகொள்ள அரசு அனுமதிக்கவில்லை. அடக்கம் முடிந்தபின் அவர்கள் கல்லறைக்குத் திரண்டு சென்று ஆசிரியருக்கு அஞ்சலி செலுத்தினர். 1989-இல் பிரான்சு அவருடைய எச்சங்களைப் பாந்தியோன் நினைவாலயத்தில் வைத்துப் பெருமை சேர்த்தது.

இன்று கோடு இழுக்கும் வேலையைக் கணினி செய்கிறது. 1963-இல் ஐவன் சதர்லாந்து என்னும் அமெரிக்க ஆய்வு மாணவர் கணினித் திரையில் ஒளிப்பேனாவால் வரைந்து காட்டினார். அன்று தொடங்கிய மாற்றம் இன்று வரைபலகையையே பல அலுவலகங்களிலிருந்து அகற்றிவிட்டது. ஆனால் திரையில் தெரியும் தட்டைப் படத்தைப் பார்த்து, பொருளின் முழு வடிவத்தை மனத்தில் எழுப்புவது இன்றும் மனிதரின் வேலையே.

ஆகவே, "எனக்குக் கை வராது" என்று சொல்லும் மாணவ நண்பரே! கோடு கோணலாகப் போனால் கவலைப்படாதீர்கள். பழகப் பழக அது நேராகிவிடும். ஒரு தீப்பெட்டியை எடுத்து மேசைமேல் வையுங்கள். மேலிருந்து பாருங்கள், வரையுங்கள். முன்னிருந்து பாருங்கள், வரையுங்கள். பிறகு சற்றே சாய்த்து வைத்து மீண்டும் வரையுங்கள். முப்பது ஆண்டுகள் பூட்டி வைக்கப்பட்டிருந்த இரகசியத்தின் முதற்படி அதுதான். இன்று அதற்குக் காவலும் இல்லை, பூட்டும் இல்லை.