செங்கல்லும் பெயரும்

மண் செங்கல்லாகிறது, செங்கல் வீடாகிறது, வீடு இடிந்து மீண்டும் மண்ணாகிறது. மாந்தர் வாழ்வும் அத்தகையதே என்பர் பெரியோர். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மனிதன் தன் பெயரைத் தன் வழித்தோன்றலுக்கு விட்டுச் செல்கிறான். இவ்வுண்மையைப் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் வரலாற்றில் தெளிவுறக் காணலாம்.

1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. மரத்தாலும் அத்தாப்பாலும் அமைந்த வீடுகள் எஞ்சவில்லை. எனவே, கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் எழும்ப வேண்டுமெனச் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ஆட்சியாளர் பிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். அதற்கான சூளைகள் பெருகிய நிலமே பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. 1886இல் கிள்ளானை நோக்கிய இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், சூளை நிலம் இரயில்வே ஊராக வளர்ந்தது.

தண்டவாளம் இட்டுப் பாதை காக்கும் உழைப்பாளராகத் தமிழகத்தார் வந்தனர். எழுத்தராகவும் நிலையத் தலைவராகவும் யாழ்ப்பாணத்தார் பலர் வந்தனர். 1904இல் விவேகானந்த ஆசிரமம் தோன்றியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரயில்வே ஊழியர்க்கெனக் கட்டப்பட்ட வரிசை வீடுகள் ‘ஹண்ட்ரட் குவாட்டர்ஸ்’ எனப் பெயர் பெற்றன. ஆனால் அவ்வீடுகள் குடியிருந்தோர்க்கு உரிமையுடையன அல்ல. பணி உள்ளவரையே வீடு; பணி ஓய்ந்தால் வேறிடம் தேட வேண்டும். தந்தை விட்ட பணியில் மகன் சேர்ந்தால் மட்டுமே குடும்பம் இரயில்வேயின் நிழலில் தொடரும்.

முதல் தலைமுறையினரில் பலர் ஊர் திரும்பும் எண்ணத்துடனேயே வாழ்ந்தனர். இரண்டாம் தலைமுறைக்கு இம்மண்ணே பிறந்த மண்ணாயிற்று. 1942, 1943ஆம் ஆண்டுகளில் மலாயாவிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் – பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மீளாது மாண்டனர். எத்தனையோ குடும்பங்களில் தலைமுறைச் சங்கிலி அங்கே அறுந்தது. 1957இல் நாடு விடுதலை பெற்றது. எனினும் 1969இல் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை உரிமம் கட்டாயமானபோது, மேலும் பலர் தமிழகம் திரும்பினர். ஒரே குடும்பத்தில் சிலர் இங்கும் சிலர் அங்குமாயினர். இவ்வாறு பிரிந்தோரை இணைத்து நின்றது பெரும்பாலும் பெயர் ஒன்றே.

மகனின் மகனைப் ‘பேரன்’ என்கிறோம். அது ‘பெயரன்’ என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். நற்றிணையின் 40ஆம் பாட்டில், புதிதாய்ப் பிறந்த ஆண்மகவு இச்சொல்லாலேயே சுட்டப்படுகிறது. ஈராயிரம் ஆண்டு மரபு இது! இம்மரபின் பயனை இந்நாட்டில் நன்கு உணரலாம். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. அடையாள அட்டையில் தன் பெயரும் தந்தை பெயருமே இடம்பெறும். பாட்டன் பெயர் மறைந்துவிடும். வேலனின் மகன் முருகன் எனக் கொள்வோம். முருகன் தன் மகனுக்கு வேலன் எனப் பெயரிட்டால், மறைந்த பெயர் மீண்டும் ஏட்டில் ஏறுகிறது. அவ்வாறு இடாவிடின், மூன்றாம் தலைமுறையிலேயே முதல்வன் மறக்கப்படுகிறான்.

2001இல் பழைய இரயில் களத்தில் கேஎல் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. 2014ஆம் ஆண்டையொட்டி ஹண்ட்ரட் குவாட்டர்ஸ் இடிக்கப்பட்டது. அதே காலத்தில் விவேகானந்த ஆசிரம நிலத்தில் உயர்ந்த கட்டடம் எழுப்பும் திட்டம் கிளம்பியபோது மக்கள் எதிர்த்தனர். 2016இல் ஆசிரமம் தேசிய மரபுடைமையாக அறிவிக்கப்பட்டது. ஒன்று போயிற்று, ஒன்று நின்றது. போனது, இரவல் வீட்டில் வாழ்ந்த எளியோரின் இல்லம் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கற்றோர் கூடிய இடத்திற்காக எழுந்த குரல், பாதை காத்தவரின் அடுப்படிக்காக அத்துணை ஓங்கி எழவில்லை.

வீட்டை இனி மீட்க இயலாது, பெயர்களை மீட்கலாம். தமிழாசிரியர்கள் ஒவ்வொரு மாணவரையும் நான்கு தலைமுறையின் பெயர், பிறந்த ஊர், செய்த தொழில் ஆகியவற்றை முதியோரிடம் கேட்டு எழுதச் செய்தல் நலம். பாட்டிமார் பெயரையும் விடாது எழுதச் செய்க. பெயரன் மரபு பெரிதும் ஆண்வழியையே காத்தது. கேட்பதற்கு முதியோர் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். சூளையில் வெந்த கல் நூறாண்டு நின்றது. ஏட்டில் எழுதிய பெயர் அதனினும் நெடிது நிற்கும்.