காத்தவராயனுக்கு எதற்குச் சாபம்?

தமிழ்ப் படம் பேசத் தொடங்கியது 1931இல். தீண்டாமை திரைக்கு வர நாலு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. 1935இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக ஆண் வேஷம் கட்டினார். 1939இல் கே. சுப்ரமணியத்தின் ‘தியாகபூமி’ வந்தது. புயல் மழையில் சேரி சனத்துக்கு இடம் கொடுத்த சம்பு சாஸ்திரியை ஊர் ஒதுக்கிவைக்கும் கதை. அடுத்த வருஷமே வெள்ளைக்காரன் அதற்குத் தடை போட்டான். பெரிய படம்தான். ஆனாலும் கதாநாயகர் சாஸ்திரி. நனைந்து நின்ற சனம் அவருக்குப் பின்னால்தான் நின்றது. அதே 1939இல் அர்ஜென்டினாவில் மரியோ சோஃபிசி எடுத்த படத்தில், தேயிலைபோலக் காய்ச்சிக் குடிக்கும் மாத்தே இலைத் தோட்டத்துக் கூலிகளே கதையின் நடுவில் நின்றார்கள்.

எங்கள் புதுக்கோட்டைக்காரர் பி. யு. சின்னப்பா 1941இல் ‘ஆரியமாலா’வில் காத்தவராயனாக நடித்தார். தாழ்ந்த குலத்தில் வளர்ந்தவன், பிராமணப் பெண்ணை விரும்பியதற்காகக் கழுவுக்குப் போகிறவன். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அவன் சாமி. நான் டூரிங் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவன். பழைய படப்பெட்டிகள் வருஷக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றிய காலம் அது. இருந்தது ஒரே புரொஜெக்டர். ரீல் மாற்ற விளக்குப் போட்டால், தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் அழுதது சினிமாக்காரனுக்காக இல்லை. தங்கள் வீட்டுப் பிள்ளைக்காக.

சின்னப்பாவும் பங்களாவில் பிறந்தவரில்லை. 1916இல் நாடக நடிகர் ஒருவரின் மகனாகப் பிறந்து, சிறு வயதிலேயே பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தவர். சிலம்பம் கற்ற உடம்பு. அதனால்தான் காத்தவராயன் திரையில் கெஞ்சவில்லை, நிமிர்ந்து நின்றான். 35 வயதில், 1951இல் போய்விட்டார்.

எனக்கு ஒரே மனக்குறை. காத்தவராயன் கதைப்பாடலில் இருந்ததுபோலவே படத்திலும் அவன் சாபத்தால் மண்ணில் பிறந்த தெய்வப் பிள்ளை. ‘அவன் நிஜத்தில் கீழ்சாதி இல்லையப்பா’ என்று நாற்காலி டிக்கெட்காரர்கள் நிம்மதியாக எழுந்து போக அது வழி செய்தது. ஒரு மனுஷன் மனுஷனாகவே பிறந்து, விரும்பி, கழுவேறினால் போதாதா?

‘ஆரியமாலா’வை எடுத்த கோவை பட்சிராஜாதான் 1950இல் ‘ஏழை படும் பாடு’ எடுத்தது. விக்டர் ஹியூகோவின் கதை, கே. ராம்நாத் டைரக்‌ஷன். ரொட்டி திருடிச் சிறைக்குப் போகிறவனாக நாகையா. சாபமும் இல்லை, சாமியும் இல்லை, பசி மட்டும். 1958இல் சிவாஜியை வைத்துக் காத்தவராயன் கதையை மறுபடி எடுத்தார்கள். தெய்வப் பிறப்பை அப்போதும் விடவில்லை.