பஞ்சமும் காட்டு வேலியும்

தாது வருஷப் பஞ்சம் என்ற பெயர் தமிழ் மக்களின் நினைவிலிருந்து இன்னும் மறையவில்லை. நேயர்களிற் பலர் இன்று வாழும் குஜராத், ராஜஸ்தான் பகுதிகளில் 'சப்பனியா' என்ற பெயர் அதே நடுக்கத்தைத் தருவது. முன்னது 1876-ஆம் ஆண்டு தொடங்கியது. பின்னது விக்கிரம ஆண்டு 1956-இல், அதாவது 1899-இல் வந்தது. இவ்விரு பஞ்சங்களுக்கும் இடைப்பட்ட காலத்திலேதான், காட்டைக் காக்கும் சட்டமும் உயிரைக் காக்கும் அவசர ஆணையும் நம் நாட்டில் எதிரெதிரே நிற்கலாயின.

தாதுப் பஞ்சத்தின் கொடுமை தீருமுன்னரே, 1878-இல் இந்தியக் காட்டுச் சட்டம் நிறைவேறியது. ரயில் பாதைகளுக்காகவும் பிற தேவைகளுக்காகவும் மரங்கள் வரைமுறையின்றி வீழ்ந்த காலம் அது, காவல் வேண்டியதே. ஆனால் 'ரிசர்வ்' என எல்லை கட்டிய காடுகளில் அனுமதியின்றி மாடு மேய்ப்பது குற்றமாயிற்று. கிராமத்தார் வழிவழியாக அனுபவித்தவை உரிமைகளே, சலுகைகள் அல்ல என்று சென்னை ரெவினியூ போர்டார் வாதாடினர். சென்னை மாகாணத்துக்கு 1882-இல் தனிச் சட்டம் வந்தது.

இதனிடையே ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சியின் தலைமையில் அமைந்த பஞ்சக் கமிஷன் 1880-இல் அறிக்கை தந்தது. நிலத்தை வேலியிட்டுக் காத்தால் மேய்ச்சல் உறுதிப்படும். விறகு கிடைத்தால் சாணம் அடுப்புக்குப் போகாமல் வயலுக்கு எருவாகும். மண்ணில் ஈரம் நிற்கவும் கூடும் என்று அது கருதியது. வறட்சிக்கு முன்னேற்பாடே காடு என்பது அதன் கருத்து. 1883 முதல் வகுக்கப்பெற்ற பஞ்சக்கால விதிகள், நெருக்கடியில் ரிசர்வ் காடுகளை மேய்ச்சலுக்குத் திறந்துவிடவும், கிழங்கு கனிகளை ஏழைகள் எடுத்துக்கொள்ளவும் இடமளித்தன. சட்டம் பூட்டிய கதவுக்கு இவ்விதிகள் திறவுகோலாயின.

அத்திறவுகோல் 1899-இல் சோதனைக்கு உள்ளாயிற்று. பம்பாய் மாகாணத்தில் காடுகள் திறக்கப்பட்டன. அறுத்த புல் ரயிலேறிச் சென்றது. ஆயினும் குஜராத்தின் மாடுகள் லட்சக்கணக்கில் மடிந்தன. மழை பொய்த்த ஆண்டில் அருகிலுள்ள காட்டிலும் புல் இராது. தொலைவிலுள்ள காட்டுக்கு நடந்துசெல்ல மெலிந்த மாட்டுக்கு வலுவும் இராது. காலங்கடந்து திறக்கும் கதவு உயிரையும் காப்பதில்லை. திரண்டு நுழையும் மந்தையினால் இளங்கன்றுகள் மிதிபட்டுக் காடும் நலிகிறது.

சுதந்திர இந்தியாவிலும் இவ்வழக்கு ஓயவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தேசியப் பூங்காக்களில் கால்நடை மேய்ச்சலை விலக்கியது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ காடுவாழ் சமூகங்களின் மேய்ச்சலை உரிமையென ஏற்றது. சென்னை போர்டார் எழுப்பிய வாதத்தின் சாரம் நூற்றாண்டு கடந்து ஏட்டில் ஏறியது.

இவ்வரலாறு கற்பிப்பது ஒன்றே. வளமான ஆண்டுகளில் மக்களின் உடன்பாட்டோடு காத்த காடுதான் வறண்ட ஆண்டில் உதவும். பஞ்சத்தில் களஞ்சியத்தைத் திறக்கத்தான் வேண்டும். விதைநெல்லில் மட்டும் கைவைக்கலாகாது.