சோப்பு காயும் காலம்

சோப்பின் வரலாறு பெரும்பாலும் ஆலைகளின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1888இல் கல்கத்தா துறைமுகத்தில் வந்திறங்கிய சன்லைட் பெட்டிகள், 1917இல் தொடங்கப்பட்ட டாடா எண்ணெய் ஆலை என்று அது நகரும். சோப்பு காயும் காலமும், அதைக் காயவைத்த பெண்களும் அதில் இல்லை.

எண்ணெயும் காஸ்டிக் சோடாக் கரைசலும் கலந்தால் ஓரிரு நாளில் சோப்பாகிவிடும். ஆனால் உள்ளே நீர் நிறைந்திருக்கும். உடனே தேய்த்தால் குழைந்து கரைந்துபோகும். நான்கு முதல் ஆறு வாரம் காற்றோட்டமான நிழலில் இருந்தால்தான் இறுகும். சிரியாவின் அலெப்போவில் ஆலிவ், லாரல் எண்ணெய்ச் சோப்பு மாதக்கணக்கில் காய்கிறது. பாலஸ்தீனத்தின் நாப்ளஸ் ஆலைகளில் கட்டிகளை இடைவெளிவிட்டுக் கோபுரம்போல் அடுக்கிய ஆண்களுக்குத் தொழிலாளி என்ற பெயரும் கூலியும் இருந்தன. 2024இல் யுனெஸ்கோ இவ்விரு ஊர்களின் சோப்புக் கலையையும் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

எங்கள் கம்மாபுரம் வீடுகளில் தலைக்குச் சீயக்காயும் அரப்பும் இருந்தன. துணி வெளுக்க வண்ணார் சமூகத்தினரின் உவர்மண் இருந்தது. பிறகு 501 போன்ற பார் சோப்புகள் வந்தன. என் அம்மாவின் தலைமுறைப் பெண்கள் அந்த நீளக் கட்டியைத் துண்டுபோட்டுப் பரணில் காயவைத்தார்கள். நெய்வேலிச் சுரங்கத்துக்குப் போய்வந்தவர்களின் உடுப்பில் ஏறிய கரியை எடுக்க, ஈரக் கட்டி கட்டுப்படியாகாது. காய்ந்த கட்டி கூடுதல் நாள் உழைக்கும். நாப்ளஸ்காரர்கள் அறிந்த அதே உண்மைதான். எங்கள் வீடுகளில் அதற்குச் சிக்கனம் என்று பெயர், அறிவு என்று இல்லை.

எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் வைக்கலாமா? ஓராண்டுக்குப் பின் நீர் பெரிதாக வற்றாது. தேங்காய் எண்ணெய்ச் சோப்பு பல ஆண்டு தாங்கும். சூரியகாந்தி எண்ணெய் மிகுந்த சோப்போ ஆரஞ்சுப் புள்ளி விழுந்து காறல் வாடை அடிக்கும். எதை எவ்வளவு காலம் வைப்பது என்பதும் ஒரு தேர்ச்சிதான்.

ஆலை இந்தக் காத்திருப்பை ஒழித்தது. சோப்பை வெப்பத்தில் உலர்த்தி, உருளைகளில் அரைத்து, அச்சில் அழுத்தினால் காத்திருக்காமலே கடைக்கு அனுப்பலாம். பெண்களிடம் மட்டும் காத்திருப்பு மிஞ்சியது.

1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு முயற்சி தமிழகமெங்கும் பரவியது. இன்று பல குழுக்கள் கையால் சோப்பு செய்கின்றன. கடன் தவணை அடுத்த மாதமே வந்துவிடும். சோப்பு அதற்குள் காய்ந்திருக்காது. தவணைக்காக ஈரத்தோடு விற்றால் வாங்கியவர் மறுபடி வரமாட்டார். விலை போடும்போது எண்ணெய், சோடா, உறை எல்லாம் கணக்கில் ஏறுகின்றன. கட்டிகளைப் புரட்டிப்போட்டு, எலியிடமிருந்தும் ஐப்பசி ஈரத்திலிருந்தும் காத்த நாட்கள் ஏறுவதில்லை.

வார்த்த தேதியை உறையில் அச்சிடுங்கள். காத்த நாட்களுக்குக் கூலி போடுங்கள். முதல் தவணையைச் சோப்பு காய்ந்த பிறகு கேளுங்கள். காத்திருப்பதும் வேலைதான்.