கால்வாய் அலையும் கண்ணாடி இழை ஒளியும்

1834ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஸ்காத்லாந்தின் எடின்பரோ நகரை அடுத்த யூனியன் கால்வாயில் இரு குதிரைகள் ஒரு படகை இழுத்துச் சென்றன. படகு திடீரென நின்றது. அதன் முன்னே திரண்ட நீரோ நிற்கவில்லை. ஏறத்தாழ 30 அடி நீளமும், ஓர் அடி முதல் ஒன்றரை அடி வரை உயரமும் கொண்ட மேடாய் எழுந்து, மணிக்கு 8, 9 மைல் வேகத்தில் ஓடிற்று. படகுகளின் ஓட்டத்தை ஆராய்ந்து வந்த ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்ற இளம் பொறியியலார் குதிரைமீது அதனைப் பின்தொடர்ந்தார். ஓரிரு மைல் கடந்த பின்னரே அது கால்வாய் வளைவுகளில் மறைந்தது.

ரஸ்ஸல் தொட்டி கட்டி அவ்வலையை மீண்டும் மீண்டும் எழுப்பிப் பார்த்து, 1844இல் அறிக்கை வெளியிட்டார். அறிஞர் உலகம் அதனை எளிதில் ஏற்கவில்லை. உயர்ந்த அலையின் முகடு அடியைவிட விரைந்து செல்லுமாதலால், அலை வடிவம் மாறாதிருத்தல் இயலாது என்பது அரச வானியலார் எயரியின் கணக்கு. கணித மேதை ஸ்டோக்ஸும் ஐயுற்றார். 1871இல் பூசினெஸ்கும், 1876இல் ராலேயும் உண்மையை விளக்கினர். அலையைப் பரப்பும் இயல்பும், அதனைச் செங்குத்தாக்கும் இயல்பும் ஒருங்கே செயற்படுகின்றன; ஒன்றை மற்றொன்று ஈடு செய்வதால் அலை நிலைக்கிறது. ரஸ்ஸல் 1882இல் காலமானார்.

1895இல் கோர்ட்டவெக், டி விரீஸ் என்ற டச்சு அறிஞர் இருவர் இதற்குச் சமன்பாடு வகுத்தனர். 1965இல் சபுஸ்கி, குருஸ்கல் என்போர் கணிப்பொறியில் இத்தகைய அலைகளை மோதவிட்டனர். அவை வடிவம் குலையாமல் வெளிவரக் கண்டு, 'சாலிட்டன்' எனப் பெயரிட்டனர்.

ஒளிக்கும் இது பொருந்தும். கண்ணாடி இழையில் அனுப்பும் ஒளித்துடிப்பில் பல அலைநீளங்கள் கலந்துள்ளன. அவை வெவ்வேறு வேகத்தில் செல்வதால் துடிப்பு பரந்துவிடும். ஆயின் மின்புலம் கண்ணாடியின் ஒளியியல் தன்மையை மாற்றும் என்பதை 1875இலேயே ஜான் கெர் கண்டிருந்தார். அவர் கிளாஸ்கோ ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் கணித ஆசிரியர். செறிந்த ஒளியும் தான் செல்லும் கண்ணாடியை அவ்வாறே மாற்றுகிறது. அதனால் துடிப்பின் முன்பகுதியில் அலைநீளம் கூடுகிறது, பின்பகுதியில் குறைகிறது. குறுகிய அலைகள் விரைந்து செல்லும் அலைநீள எல்லையில், முன்பகுதி தாமதிக்கப் பின்பகுதி நெருங்கிவர, துடிப்பு சிதறாது காக்கப்படுகிறது.

1973இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹசேகாவா, டாப்பெர்ட் இருவரும் இதனைக் கணக்கால் காட்டினர். 1980இல் அதே கூடத்தில் மொலனாவர் குழுவினர் 700 மீட்டர் இழையில் மெய்ப்பித்தனர். இழை ஒளியைச் சிறிது சிறிதாக விழுங்குவதால் செறிவு குன்றும். குன்றினால் சமநிலை கெடும். ஆகவே வழிநெடுக ஒளிக்கு வலுவூட்டி, 1988இல் 4,000 கிலோமீட்டருக்கு மேலும் துடிப்பு நிலைத்திருக்கச் செய்தனர்.

1995இல் அறிஞர்கள் அதே கால்வாயில் கூடி, ரஸ்ஸலின் அலையை மீண்டும் எழுப்பினர். அங்குள்ள நீர்ப்பாலம் ஒன்று இன்று அவர் பெயர் தாங்கி நிற்கிறது. ஏட்டுக் கணக்கோடு ஒவ்வாத காட்சியைப் பொய்யெனத் தள்ளாது, கணக்கில் விடுபட்டது யாதெனத் தேடுவதே அறிவியல் நெறி. மாணாக்கருக்கு ஆசிரியர் முதலில் ஊட்டவேண்டிய பண்பும் அதுவே.