ஆறு சிலிண்டர் இன்ஜின் மாற்றம்
பழைய காரின் நான்கு சிலிண்டர் இன்ஜினை எடுத்துவிட்டு, ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர் கொண்ட பெரிய இன்ஜினைப் பொருத்தும் வேலை. அதிர்வு குறைவதே இதன் உண்மையான கவர்ச்சி. முன் மூன்று பிஸ்டன்களின் அசைவைப் பின் மூன்றும் ஈடுகட்டிவிடுகின்றன. இடிப்பது நீளம்தான். 1489 சிசி இன்ஜினுக்கென அமைந்த அம்பாசடரில் இதை வைத்தால் ரேடியேட்டர் முன்னே தள்ளப்படும், விசிறிக்கு விரலிடைதான் மிஞ்சும், முன் சக்கரங்களில் பாரம் ஏறும், பிரேக்கோ பழையதே.

நாமக்கல் லாரிப் பட்டறைகளிலும் திருச்செங்கோட்டு ரிக் பட்டறைகளிலும் ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினைப் பிரித்துக் கோர்க்கும் கைகள் உண்டே என்பார்கள். உண்டு, ஆனால் லாரிக்கு எடை தாங்கத் தனிச் சேஸிஸ் இருக்கிறது, அம்பாசடருக்கு உடலே சேஸிஸ். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவும் தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறுவதைத் தடுக்கிறது. கூடுதல் இழுவை வேண்டுவோருக்கு, தயாரிப்பாளரே அம்பாசடரில் பொருத்திய 1.8 லிட்டர் இசுசு இன்ஜின்தான் பொருத்தம், அதற்கும் ஆர்.டி.ஓ. அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள்.